வரவழைக்கப்பட்ட பீதி

பீதிநோய் உள்ளவரை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, வேண்டுமென்றே அவருக்குப் பேனிக் அட்டாக் வரவழைத்து, அந்நேரம் உடம்பில் என்ன நடக்கிறது என்று அளப்பது மனநல மருத்துவத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவரும் முறை. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டாக் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, ஈசிஜி எடுக்கப் படுக்கவைப்பதற்குள் அடங்கியும் விடுகிறது. அது தானாக வரும்வரை காத்திருந்தால் அளக்க முடியாது.

1967இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிட்ஸும் மெக்ளூரும் சோடியம் லாக்டேட் கரைசலை ரத்தநாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார்கள். நோயாளிகள் 14 பேரில் 13 பேருக்கு அட்டாக் வந்தது. நலமாக இருந்த 10 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. 'எல்லாம் மனபிரமை' என்று அனுப்பிவைக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பீதிநோய்க்குத் தனிப்பெயர் கிடைத்ததே 1980இல்தான்.

இம்முறை தந்த மிகப் பெரிய கொடை, பீதியையும் மன அழுத்தத்தையும் பிரித்துக் காட்டியது. அழுத்தம் வந்தால் மூளையிலிருந்து அட்ரினல் சுரப்பிக்குத் தகவல் போய்க் கார்ட்டிசால் ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. லாக்டேட்டால் வந்த அட்டாக்கிலோ நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உயிர் போகப்போகிறது என்று ஆள் துடிக்கிறார். கார்ட்டிசால் மட்டும் ஏறுவதில்லை. அந்நியர்கள் முன் பேசவைத்து, மனக்கணக்குப் போடச் சொல்லும் அழுத்தச் சோதனையிலும், நலமானவர்களைவிட இவர்களுக்குக் கார்ட்டிசால் குறைவாகவே ஏறியதாகச் சில ஆய்வுகள் காட்டின. 'டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை இவர்களிடம் எடுபடாமல் போவதில் வியப்பில்லை.

அப்படியானால் இது என்ன? மூச்சுத்திணறலுக்கான அபாயமணி தவறாக அடிக்கிறது என்று 1993இல் டொனால்ட் கிளைன் சொன்னார். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை ஆழமாக இழுக்கவைக்கும் சோதனை அதற்குத் துணைநின்றது. கலவையில் மீதி 65 சதவீதமும் ஆக்சிஜன். ஆனாலும் மூச்சு முட்டுகிறது. 2013இல் வந்த முடிவு இன்னும் விசித்திரம். அச்சத்தின் இருப்பிடம் என்று நாம் படித்த மூளைப்பகுதியான அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோன மூன்று பெண்கள் இதே வாயுவை இழுத்தார்கள். மூவருக்குமே பீதி வந்தது. வெளியே இருக்கும் பாம்புக்கும் உள்ளே முட்டும் மூச்சுக்கும் மூளையில் ஒரே பாதை இல்லை என்பதை வேறெந்த முறையும் இவ்வளவு பளிச்சென்று காட்டியிருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு இம்முறைமேல் முழு நம்பிக்கை இல்லை. காரணம், 1989இல் சாண்டர்சன், ரேப்பி, பார்லோ மூவரும் செய்த சோதனை. நோயாளிகள் எல்லோருக்கும் 5.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றுதான். விளக்கு எரிந்தால், எதிரே உள்ள குமிழைத் திருப்பி வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். உண்மையில் குமிழைத் திருப்பினாலும் எதுவும் மாறாது. விளக்கு எரிந்தவர்களில் 20 சதவீதத்தினருக்கும், எரியாதவர்களில் 80 சதவீதத்தினருக்கும் அட்டாக் வந்தது. உள்ளே போன வாயு ஒன்றே, நம்பிக்கைதான் வேறு. உடம்பின் அறிகுறியைச் சாவின் அறிகுறியாகப் படிப்பதே பீதி என்று 1986இல் டேவிட் கிளார்க் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆக, இந்தச் சோதனை உடம்பை மட்டுமா அளக்கிறது? அந்த அறையையும், வெள்ளை அங்கிக்காரர் சொன்ன சொல்லையும் சேர்த்தே அளக்கிறது. தவிர, லாக்டேட், காஃபீன், யோஹிம்பின் என்று வெவ்வேறு வழியில் வேலைசெய்யும் பொருள்களெல்லாம் அட்டாக்கைக் கொண்டுவருகின்றன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தவர் நோயின் வேரையே பிடித்துவிட்டதாக எண்ணியது கொஞ்சம் வேடிக்கைதான்.

இன்னொரு குறை காலம் சார்ந்தது. ஆய்வுக்கூடக் கடிகாரம் வாயு உள்ளே போன நொடியில்தான் ஓடத் தொடங்குகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 43 நோயாளிகள் அளவுக்கருவிகளை உடம்பில் மாட்டிக்கொண்டு அன்றாட வேலையைப் பார்த்தார்கள். தானாக வந்த 13 அட்டாக்குகள் பதிவாயின. 'திடீரென்று வந்தது' என்று அவர்கள் சொன்ன அட்டாக்குகளுக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே இதயத்துடிப்பும் மூச்சும் அலையலையாகத் தடுமாறியிருந்தன. வாயுச் சோதனையில் இந்த ஒரு மணி நேரத்துக்கு இடமே இல்லை. அகப்பட்டவை வெறும் 13 என்பதும் உண்மை. வரவழைக்கும் முறை ஏன் இன்னும் கைவிடப்படவில்லை என்பதும் அதிலிருந்தே புரியும்.

என் கணிப்பில், நோயின் காரணத்தைத் தேடுவதைவிடச் சிகிச்சைக்கே இம்முறை பொருத்தமானது. குறுகிய ஸ்ட்ரா வழியே மூச்சு விடவைப்பது, சுழல்நாற்காலியில் சுற்றவைப்பது, ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சிழுக்கச் சொல்வது என்று பயந்த அறிகுறியையே மறுபடி மறுபடி வரவழைத்து, அதனால் ஆபத்தில்லை என்று உடம்புக்குப் பழக்குகிறார்கள். நோயாளியின் எண்ணம் முடிவை மாற்றுவது ஆய்வாளருக்குத் தொல்லை; இங்கே அந்த எண்ணத்தை மாற்றுவதுதான் வேலையே. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இதைச் செய்யவேண்டும். மற்றவர்களிடமும் பல சிகிச்சையாளர்கள் தயங்கித் தயங்கி, பாதியில் நிறுத்தி, உடனே மூச்சுப்பயிற்சி கொடுத்து ஆற்றிவிடுகிறார்கள். அறிகுறி ஆபத்தானது என்ற பழைய நம்பிக்கைதான் அதனால் பலப்படுகிறது.