யார் போட்ட படம்?

2024 ஏப்ரலில் 'கில்லி' இருபது வருடம் கழித்து மறுபடி திரைக்கு வந்து, புதுப்படத்துக்குக் கூடும் கூட்டத்தைக் கூட்டியது. அதற்கு முன்பே, 2012இல், 'கர்ணன்' டிஜிட்டலில் துலக்கப்பட்டு சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியிருந்தது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி வந்தது. இன்று மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியிலோ அலோர்ஸ்டாரிலோ இருக்கும் ஒருவர் பழைய தமிழ்ப்படம் ஒன்றைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமானால், சென்னையில் யாரோ லாப நட்டக் கணக்குப் போட்டு அதை மீண்டும் வெளியிட வேண்டும். இங்குள்ள விநியோகஸ்தர் அதை வாங்க வேண்டும். பேரங்காடியின் மேல்மாடித் திரையரங்கில் ஓர் இரவுக் காட்சி ஒழிய வேண்டும். நாயகனின் பிறந்தநாள் பக்கத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும். எது பழைய படம், அதில் எது பார்க்கத் தக்கது என்று முடிவு செய்வது ரசிகர் மன்றத்தின் சத்தமும் டிக்கெட் விற்பனையும்தான்.

பழைய படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு காரணத்தோடு வரிசைப்படுத்திக் காட்டும் சிறு அரங்குகள் பெருநகரத்துச் சொத்து என்றே நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய 'தி புரொஜெக்டர்' அப்படி ஓர் அரங்கு. 2025 ஆகஸ்டில் அதுவும் கதவடைத்துவிட்டது. கெடாவின் தோட்டங்களுக்கும் இந்த வகைத் திரையிடலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே கூரையும் டிக்கெட்டும் இல்லாத அரங்கு தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தது.

பீடோங், பாடாங் செராய், லுனாஸ், கூலிம், கோல கெட்டில் வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். திடலில் இரண்டு கழி நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். வேனிலிருந்து 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் இறங்கும். 1600 அடிச் சுருள் ஒன்று முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரத் தமிழ்ப்படம் என்றால் நான்கு சுருள். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால் சுருள் தீரும்போதெல்லாம் படம் நின்றாக வேண்டும். 'பாசமலர்' அழுகைக்கு நடுவே விளக்கு எரியும், கச்சாங் (கடலை) விற்பவர் எழுந்து நடப்பார், அழுதவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசத் தொடங்குவார்கள். திரைக்கு முன்னால் பாய் விரித்தவர்கள் பார்த்தது ஒரு படம். இடம் கிடைக்காமல் பின்பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் பார்த்தது எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசிய வேறொரு படம். எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும்.

பட்டணத்துக் கொட்டகையில் ஓடித் தேய்ந்த பிறகே படம் தோட்டத்துக்கு வந்தது. ஆகவே திடலில் பார்த்ததெல்லாம் அநேகமாகப் பழைய படம். அதையும் ஒரு முறை பார்த்து முடிப்பதில்லை. அடுத்த டிவிஷனில் போட்டால் நடந்துபோய் மறுபடி பார்ப்பார்கள். வசனத்தை நடிகருக்கு முன்பே சொல்வார்கள். தேர்ந்த பழைய படத்தைக் கூடி உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்ப்பது என்ற பழக்கம் நம்மிடம் முழுசாக இருந்தது. தேர்வு மட்டும் நம்மிடம் இல்லை. யார் காசு கொடுத்தாரோ அவர் படம் போட்டார்.

முதலில் நிர்வாகம். பண்டிகைக்கு ஒரு படம் போடுவது துரைக்குச் செலவு குறைந்த நல்ல பெயர். அடுத்து அரசாங்கம். போர் முடிந்து 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. மறு வருடமே கெடா தோட்டங்கள் கொந்தளித்தன. கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படை கிளம்பியது. பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் போலீஸ் தாக்குதலும் நடந்தன. 1948 ஜூனில் அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. தகவல் இலாகா வேன்கள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போனது இந்தக் காலத்தில்தான். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் பேசிய அந்தக் குறும்படங்கள் கொசுவை ஒழிப்பது, சேமிப்பது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்காமலிருப்பது பற்றியெல்லாம் சொல்லின. வேன் சும்மா வரவில்லை என்பது பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். படம் பார்ப்பதற்காகப் பாடத்தையும் சகித்துக்கொள்வது பள்ளிக்கூடத்திலேயே பழகிய வித்தைதானே. சத்துமாவும் பற்பசையும் விற்க வந்த கம்பெனி வேன்களும் இதே கணக்கில் சேரும்.

கோயில் கமிட்டியும் சங்கமும் படம் போட்டபோதுதான் பார்ப்பவரின் விருப்பம் கொஞ்சம் உள்ளே நுழைந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. பெரியார் இரண்டாம் முறையாக மலாயா வந்ததும் அதே வருடம். திராவிட இயக்கப் பேச்சு லயங்களின் வாசலுக்கு வந்துவிட்ட காலத்தில் 'பராசக்தி' (1952) போன்ற படங்கள் தமிழ்நாட்டில் பெற்றதைவிட வேறொரு அர்த்தத்தை இங்கே பெற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் படத்தின் அண்ணன்மார்கள் ரங்கூனில் பிழைப்பவர்கள்; போர் வந்து குடும்பம் சிதறுகிறது. மதுரைக்காரருக்கு அது கதையின் முடிச்சு. அக்கரையில் தங்கையை விட்டு வந்து கடிதத்துக்குக் காத்திருந்த பால்வெட்டுக்காரருக்கு அது கதையே.

இதற்குப் பிறகான வரலாறு சீக்கிரம் சொல்லி முடியும். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது, பிறகு வீடியோ நாடா, 1996இல் அஸ்ட்ரோ வானவில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து ஜனங்கள் பட்டண விளிம்புகளின் தாமான் குடியிருப்புகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் சிதறினார்கள். திடல் போனதற்குக் கருவியைக் குற்றம் சொல்வது எளிது. ஒன்றாக உட்காரும் ஊரே கலைந்ததுதான் பெரிய காரணம்.

விசித்திரம் என்னவென்றால், அந்த ஊர் கலைந்த பிறகுதான் அதைப் பற்றிய படங்கள் எடுக்கப்பட்டன. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் சாந்தா என்ற பெண்ணைப் பின்தொடர்கிறது. சண்டையில்லை, கனவுப்பாட்டில்லை, குறைந்த செலவில் டிஜிட்டலில் எடுத்த படம், பிரான்சின் நாந்த் நகரத் திரைவிழாவரை போனது. தோட்டத்தை வெளியாள் பார்க்கும் பார்வையில் இரக்கம் முந்திக்கொள்ளும். பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய வலுவான படம்தான், ஆனாலும் அதில் மனிதர்கள் அடிபடுவதற்கென்றே வருகிறார்கள். 'செம்மண் சாலை'யில் அடிபடுகிறவர்களுக்கு மாலையில் குளிக்கவும் கேலி பேசவும் நேரம் இருக்கிறது. இதன் பலவீனமும் சொல்லத்தக்கது: சில காட்சிகளில் நடிப்பு பள்ளி நாடகத்தை நினைவூட்டும். அதைப் பொறுத்துக்கொண்டால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அடுத்த தலைமுறையின் கதை. தோட்டம் விட்டு வந்த குடும்பம், தொண்ணூறுகளின் குடிசைப்பகுதி, கெட்டிக்காரச் சிறுவன் அப்போய், அவனைக் கண்டிப்பில் வளர்க்கும் அப்பா, குண்டர் கும்பலிலும் போதையிலும் போய்விட்ட சித்தப்பாக்கள். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்மொழி அல்லாத படங்களை முதலில் தனிப்பிரிவில் ஒதுக்கினார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்து பிரிவுகள் மாற்றப்பட்டன. கடைசியில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்து ஒரே இரவில் போட்டால், சாந்தா படித்துத் தப்பிக்க நினைத்த வழி அப்போய்க்கு ஏன் அடைபட்டது என்ற கேள்வி யாரும் பேசாமலே அரங்கில் எழும். நல்ல தேர்வு என்பது இப்படி இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். இரண்டுமே லுனாஸிலோ பாடாங் செராயிலோ சந்தித்துக்கொள்வதில்லை.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் கெடாவில் கட்டாயம் போட வேண்டியது என்று சொல்லக்கூடிய இன்னொரு படம் தமிழ்ப்படமே அல்ல: டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). மலாயா சுதந்திரம் பெற்ற அதே வருடம் வெளியாகி ஏழு ஆஸ்கார் வாங்கியது. சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டது இந்தப் படத்தின் வழியாகத்தான். 1942–43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய்த் தமிழர்களை ஜப்பானியர்கள் பிடித்துப்போனார்கள். தெற்கேயிருந்து போன அந்த ரயில்கள் சுங்கைப்பட்டாணி, குரூண், அலோர்ஸ்டார் நிலையங்களைக் கடந்துதான் பாடாங் பெசாரை அடைந்தன. படத்தில் பிரிட்டிஷ் கர்னல் இருக்கிறார், ஜப்பானியக் கர்னல் இருக்கிறார், அமெரிக்கர் ஒருவரும் இருக்கிறார். தோட்டத் தமிழர் இல்லை. கதையை எழுதிய பியர் பூல் போருக்கு முன்பு மலாயா ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர் என்பது இதைச் சாதாரண மறதி என்று விட முடியாமல் செய்கிறது. இன்னொரு வினோதம், பாலத்தைக் கட்டித் தகர்த்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலைநாட்டுக்குப் போகும் வழி அது.

படம் மோசமானதல்ல. அலெக் கின்னஸ் அதில் மறக்க முடியாத நடிகர். தாத்தாவை அந்தப் பாதையில் இழந்த குடும்பங்கள் வசிக்கும் ஊரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதும், பிறகு அதே பாதையைப் பற்றிய கோ. புண்ணியவானின் 'கையறு' நாவலைப் பேசுவதும் படத்தின் மேல் கூடுதல் வெளிச்சம் போடும். லண்டன் அரங்கு எதுவும் இந்தத் திரையிடலைச் செய்ய முடியாது. சுங்கைப்பட்டாணி செய்யலாம்.

செய்வதற்கு இடைஞ்சல் என்ன? இடமில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளி மண்டபங்கள் இருக்கின்றன. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமே இருக்கிறது. புரொஜெக்டர் மலிந்துவிட்டது. சட்டம்தான் கண்ணை உருட்டும். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கைக்குப் போகாத படத்தைத் திரையிடுவதும், வைத்திருப்பதும்கூடக் குற்றம். ஈழப்போரின் இறுதிக் கட்டம் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக லீனா ஹென்ட்ரி வழக்கைச் சந்தித்து, 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 10,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். தமிழருக்கு நேர்ந்ததைச் சொன்ன படம் அது. ஆகவே படம் போட நினைப்பவர்கள் முதலில் சான்றிதழ் உள்ள படங்களில் தொடங்குவதே விவேகம்; திரையரங்கில் ஓடிய 'ஜகாட்' போன்றவற்றுக்கு உரிமையாளரின் அனுமதியும் மரியாதையான ஒரு தொகையும் போதும். யூடியூபிலிருந்து இறக்கிப் போடும் பழக்கம் அந்த இயக்குநரின் அடுத்த படத்தைத்தான் விழுங்குகிறது.

பணம் திரட்டும் வழிக்குக் கெடாவிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றது தொழிலாளரின் வீடு வாசலைப் பறித்த நேரத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். 1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி நடந்ததும் இதே சந்தா முறையில்தான். ஐம்பது குடும்பம் மாதம் பத்து வெள்ளி கட்டினால் ஐந்நூறு வெள்ளி ஆகிறது. மண்டப வாடகைக்கும் ஒரு படத்தின் உரிமைக்கும் அது தொடக்கமாகும். காசு போட்டவர்தான் படத்தைத் தேர்வார் என்ற பழைய தோட்டத்து விதி அப்படியே இருக்கட்டும், காசு போடுகிறவர்கள் மட்டும் மாறட்டும். முதல் மாதம் 'செம்மண் சாலை'யும் 'ஜகாட்'டும், அடுத்த மாதம் குவாய் பாலம் என்று என்னைப் போன்றவர்கள் பட்டியல் நீட்டலாம். மூன்றாம் மாதம் உறுப்பினர்கள் கையைத் தூக்கி 'எங்க வீட்டுப் பிள்ளை'தான் வேண்டும் என்றால், அதையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.