மறுபேச்சில்லாத பாடல்கள்

என்ரிக்கே சாந்தோஸ் டிசேப்போலோ (1901–1951) எழுதிக் குவித்தவர் அல்லர். ஆனாலும் அர்ஜென்டினாவில் ஊழல் ஒன்று வெளிப்பட்டால் அவருடைய 'கம்பலாச்சே'யை யாராவது இன்றும் மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். டாங்கோப் பாடலாசிரியர்களில் இவ்வளவு ஆழமாக மக்கள் பேச்சில் கலந்தவர்கள் குறைவு.

பியூனஸ் அயர்ஸில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வளர்த்தது அண்ணன் அர்மாந்தோ. குடியேறிகளின் அவல வாழ்வில் சிரிப்பையும் அழுகையையும் பிரிக்கமுடியாமல் பின்னிய 'குரோதெஸ்கோ' நாடகங்களின் ஆசிரியர். தம்பியும் முதலில் நடிகராகத்தான் மேடையேறினார். அவர் பாடல்முறையின் வேர் அந்த மேடையில் இருக்கிறது. அவருடைய முக்கியமான பாடல்கள் எல்லாமே ஒரு பாத்திரத்தின் தனிமொழிகள். பெரும்பாலானவற்றுக்கு மெட்டும் அவரே போட்டதால் பேச்சின் ஏற்ற இறக்கம் இசைக்குள் சிதையாமல் நிற்கிறது.

பாடகர் கார்லோஸ் கர்தெல் 1930-இல் பதிவுசெய்த 'யீரா, யீரா'வைப் பாருங்கள். நம்பிக்கை தீர்ந்த ஒருவன், இன்னும் நம்பிக்கையோடு அலைகிற ஒருவனிடம் பேசுகிறான். வறுமை, துரோகம் என்ற பெரிய சொற்களை அவன் நம்பியிருக்கவில்லை. செருப்பு தேய்கிறது. அழுத்தி அழுத்தி வாசல்மணிகளின் பேட்டரி தீர்கிறது. ஒருவன் விட்டுப்போகப்போகும் உடுப்பை, அவன் பக்கத்திலேயே நின்று மற்றவர்கள் போட்டுப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசிக் காட்சியைத் தாண்டிய கையறுநிலையை நான் எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை. லுன்ஃபார்தோ என்கிற அந்நகரத் தெருமொழியில்தான் இது சாத்தியமாயிற்று. 1943-க்குப் பின் ராணுவ ஆட்சி வானொலியில் அம்மொழியைத் தணிக்கை செய்தபோது பறிபோனது அந்த உயிர்ப்புதான்.

தனிமொழியின் பலம் இது. அதன் ஊனமும் இதே இடத்தில் பிறக்கிறது. எதிரே இருப்பவர் வாய் திறப்பதே இல்லை. பாடகி அசுசேனா மைசானி 1928-இல் புகழேற்றிய பாட்டில், தான் ஒருகாலத்தில் உயிராய் நேசித்தவள் மூப்பேறி விடியற்காலையில் கேளிக்கை விடுதியிலிருந்து வெளியே வருவதைக் கண்ட ஒருவன், இன்றிரவு குடித்தே தீர்வேன் என்கிறான். அவள் தோற்றத்தை ஈவிரக்கமின்றி அடுக்குகிறான். அவளை அங்கே கொண்டுசேர்த்தது எது என்று பாட்டு கேட்கவே இல்லை. காலம் அப்படி என்று இதைக் கடந்துவிட நான் தயாரில்லை. வேலையற்றவனின் செருப்பைக் கவனித்த கண்ணுக்கு அவள் பாடும் தெரிந்திருக்க வேண்டும்.

'கம்பலாச்சே' (1934) உலகத்தையே பழைய சாமான் கடையாக்குகிறது. பைபிளும் வெந்நீர்க் கொதிகலனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. விடுதலை வீரர் சான் மார்த்தினும் மோசடிக்காரர் ஸ்தவிஸ்கியும் ஒரே வரிசையில் வருகிறார்கள். படிமம் அபாரமானது. ஆனால் அது 1930-இன் ராணுவப் புரட்சிக்குப் பின், தேர்தல் மோசடி வழக்கமாகிவிட்ட நாடு. எல்லாரும் ஒன்றுதான் என்று பாடினால், வாக்கைத் திருடியவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. எந்தக் கட்சிக்காரரும் கூச்சமின்றி இதை எதிராளிமேல் பாடிவிட முடிவதற்குக் காரணம் இதுவே.

1951-இல் அவர் பெரோன் ஆட்சியை ஆதரித்து வானொலியில் பேசினார். 'மோர்திஸ்கீத்தோ' என்ற கற்பனை எதிர்ப்பாளனை நோக்கிய பேச்சு. அவனுக்கும் பதில் சொல்ல இடமில்லை. பாட்டில் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒற்றைக் குரல் அரசியலில் பொறுக்கப்படவில்லை. பழைய நண்பர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அவர் இறந்தார்.

மறுபேச்சுக்கு இடம்தராத அந்தக் குறையைக் கடந்த பாட்டு, மரியானோ மோரெஸ் இசையமைத்த 'கஃபெதின் தெ புவனோஸ் ஐரெஸ்' (1948). மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி உள்ளே பார்த்த சிறுவன், வளர்ந்தபின் அந்தக் காப்பிக் கடையிடமே பேசுகிறான். பதில் சொல்லமுடியாத ஒன்றோடு பேசுவதால் யாருடைய நியாயமும் அமுக்கப்படுவதில்லை. தீர்ப்பு வழங்கும் வேகமும் அவனிடம் இல்லை. நன்றியும் தோல்வியும் மட்டுமே இருக்கின்றன. என் கணிப்பில் டிசேப்போலோவின் ஆகச்சிறந்த படைப்பு இதுதான், 'கம்பலாச்சே' அல்ல.