பதவியும் ஆயுளும்: ஒரு நல்ல நூலில் ஒரு கணக்குப் பிழை

அறுபதாம் கலியாணம் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஒருவர் புள்ளிவிவரத்துடன் வந்தால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். அறுபது வயதுவரை உயிரோடிருந்தவருக்குத்தானே அந்தக் கலியாணம்! இதே தவறு, சற்று மறைந்த வடிவில், ஒரு நல்ல நூலிலும் புகுந்திருக்கிறது.

லண்டன் மருத்துவப் பேராசிரியர் மைக்கேல் மார்மட் 2004இல் வெளியிட்ட 'ஸ்டேட்டஸ் சிண்ட்ரோம்' என்பதே அந்நூல். உணவும் உறைவிடமும் கிடைத்த பிறகு மனிதனின் உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு என்கிறார் அவர்: தன் வாழ்க்கை தன் கையில் இருப்பது, சமுதாயத்தில் பிறரோடு கலந்து வாழ முடிவது.

இதற்கு முதன்மையான சான்று ஒயிட்ஹால் ஆய்வு. 1967இல் தொடங்கிய இதில், லண்டன் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த சுமார் 18,000 ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அரசு வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம் எல்லாம் உடையவர்கள். பட்டினி கிடந்தவர்கள் அல்லர். ஆயினும் ஏழரை ஆண்டுகளில் கடைநிலை ஊழியரிடையே இதய நோய்ச் சாவு விகிதம், உயர் அதிகாரிகளுடையதைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு இருந்தது. இடைப்பட்ட பதவியினருக்கு இடைப்பட்ட ஆபத்து, படிக்கட்டு வைத்தாற்போல! புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்த பின்னும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்காமலே நின்றது. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. தம் வேலையை எப்படிச் செய்வது என்று தாமே முடிவு செய்ய இயலாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. ஊழியர் கூறியதோடு நிற்காமல், மேலாளர்களிடமும் தனியே மதிப்பீடு பெற்றனர், முடிவு மாறவில்லை. ஆய்வகத்தில் ஒரே நீளத்தை இரு கருவிகளால் அளந்து பார்ப்பது போன்றது இது.

இவ்வளவு உறுதியான சான்று கையில் இருக்க, ஆஸ்கார் நடிகர்களை ஏன் அழைத்து வந்தாரோ! பரிசு பெற்றவர்கள், உடன் நடித்த மற்றவர்களைவிடச் சுமார் நான்கு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்னும் 2001ஆம் ஆண்டு ஆய்வை அவர் எடுத்தாள்கிறார். 70 வயதில் ஒருவர் பரிசு பெற்றால், அதற்கு முந்திய 70 ஆண்டுகளும் 'பரிசு பெற்றவர்' கணக்கில் ஏறிவிடுகின்றன. 40இல் மறைந்தவருக்கோ அத்தனை வாய்ப்புகள் இல்லை. 2006இல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திருத்தி, பரிசு பெற்ற நாளுக்குப் பிந்திய காலத்தை மட்டும் பரிசின் கணக்கில் சேர்த்தனர். நான்கு ஆண்டு ஏறக்குறைய ஓராண்டாகச் சுருங்கியது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவே.

நூல் முன்பே அச்சாகிவிட்டதால் ஆசிரியரைக் கடுமையாகக் குறை கூறுவதற்கில்லை. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. நடிகர் கதை பொய்த்ததைக் கண்டவர், பதவிக்கும் ஆயுளுக்கும் தொடர்பே இல்லையென்று நூல் முழுவதையும் ஒதுக்கிவிடக்கூடும். லண்டன் கடைநிலை ஊழியரின் சாவுக் கணக்கு அதனால் குறைந்துவிடாது.

மாணவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். பத்துக் கற்பனை நடிகர்களுக்குப் பிறந்த ஆண்டு, பரிசு பெற்ற ஆண்டு, இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.