மந்திரமும் உழைப்பும்: கீரிமலை ஐதிகத்தின் அருகில் ஒரு கணினி விளையாட்டு

மந்திரம் என்பது மெய்யான தொழினுட்பத்தின் குறையை ஈடுசெய்ய எழுந்த மாயத் தொழினுட்பம் என்பது ஜோர்ஜ் தொம்சனின் கருத்து. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆய்வு செய்தவர்களாதலின், ஈழத்துத் திறனாய்வில் இக்கருத்து ஆழ வேரூன்றியது. இயற்கையை வெல்லும் கருவி கைவராத நிலையில், வேண்டியதை நடித்துக் காட்டினால் அது நடந்தேறும் என மனிதன் நம்பினான். அந்நம்பிக்கை பயிரை வளர்க்கவில்லை. பயிரிடுவோனின் ஊக்கத்தை வளர்த்தது. கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில், கணினித் திரையில் மந்திரம் மீண்டும் தழைப்பதேன்? கீரிமலைத் தீர்த்த ஐதிகத்தை அருகில் வைத்து நோக்கின் இவ்வினா மேலும் கூர்மையடையும்.

சுவீடனில் உருவாகி 2011 இல் முழுமையாக வெளிவந்த 'மைன்கிராவ்ற்', ஆடுவோரைக் கட்டிப்போடும் கதை ஏதுமற்ற விளையாட்டு. கட்டிகளாலான உலகொன்றை அகழ்ந்தும் அடுக்கியும் அவர்கள் விரும்பியதைச் செய்துகொள்வர். ஆர்வலர் எழுதி அதன் நிரலோடு இணைக்கும் சேர்க்கைகளை 'மொட்' என்பர். 'ஆர்ஸ் மஜிக்கா'வின் வழியில் எழுந்த 'ஆர்ஸ் நூவோ' மந்திரம் சார்ந்த சேர்க்கைகளுள் குறிப்பிடத்தக்கது.

இதில் மந்திரம் ஓர் இலக்கணமாகவே அமைகின்றது. எறிதல், தொடுதல், தன்மீது ஏற்றல் ஆகிய வடிவங்களுள் ஒன்று முதலில் நிற்கும். உடைத்தல், எரித்தல், ஆற்றுதல் போன்ற விளைவு அதனைத் தொடரும். விளைவை மிகுவிக்கும் அல்லது நீட்டிக்கும் அடைகள் அதன்பின் வரும். தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை வரையறுக்கையில் சொல்வோரின் தகுதியையும் ஆணையையும் முதன்மைப்படுத்துகின்றது. இங்கோ சொல்பவர் எவர் என்பது பொருட்டன்று. சேர்க்கை பிழையற்றிருத்தல் போதும். விதிகளை விளக்கும் கையேடும் விளையாட்டினுள்ளேயே கிடைக்கின்றது. மறைபொருளைப் பொதுப்பொருளாக்கிய இவ்வம்சம் முற்போக்கானது எனத் தயங்காது கூறலாம். (மந்திரம் செலவிடும் ஆற்றலுக்கு இவ்விளையாட்டுகள் இட்டுள்ள 'மானா' என்னும் பெயர் பசிபிக் தீவு மக்களின் சமயச் சொல். கொட்றிங்ரன் பாதிரியார் மெலனீசியர் பற்றி 1891 இல் எழுதிய நூல் வழியே ஐரோப்பிய அறிவுலகில் பரவிய அச்சொல் இன்று எரிபொருள் அளவுமானியாகிவிட்டது.)

சடங்குகளுக்கும் கருவிகளுக்கும் வேண்டிய மூலசக்தி வெறுமையிலிருந்து பிறப்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பயிர் வளர்கையில், விலங்குகள் ஈனுகையில், உயிர்கள் மடிகையில், விறகு எரிகையில் அது திரட்டப்படுகின்றது. அதாவது தொம்சன் கூறியதன் மறுதலை இது: இங்கு மந்திரம் தவறாது பலிக்கும் உற்பத்திமுறை, ஆலையின் மாறுவேடம். ஆலைக்குத் தொழிலாளரும் வேண்டுமன்றோ? 'ஸ்ராபங்கிள்' என்னும் சிற்றுயிர் ஒரு பொற்றுணுக்கைப் பெற்றதும் ஆடுவோர்க்கு வசப்பட்டு, பெட்டிக்குப் பெட்டி பொருள்களைச் சுமந்துகொண்டேயிருக்கும். அதற்குக் களைப்பில்லை, பின்னர்க் கூலியுமில்லை. இயற்கையின் செலவைக் கணக்கில் எழுதிய படைப்பு, உழைப்பின் செலவை அழகிய பொம்மையொன்றினுள் ஒளித்துவிடுகின்றது.

அவ்வொளிப்பு திரைக்கு வெளியிலும் நிகழ்கின்றது. மைன்கிராவ்ற்றை ஆக்கிய நிறுவனத்தை மைக்ரோசொவ்ற் 2014 இல் 250 கோடி டொலருக்கு வாங்கியது. ஜாவாப் பதிப்பின் உரிம விதிகளோ சேர்க்கைகளை எழுதுவோர் அவற்றை விற்பதை அனுமதிப்பதில்லை. விளையாட்டின் ஆயுளை நீட்டிக்கும் இத்தகைய உழைப்பு ஓய்வுநேர இன்பமாகக் கருதப்பட்டுக் கூலியின்றிப் போவதனை யூலியன் குக்லிக் 2005 இலேயே எடுத்துக்காட்டினார்.

உழைப்பை மறைத்தல் மாயக் கதைகளுக்குப் புதியதன்று. கீரி முகத்து நகுலமுனிவரும், குதிரை முகத்துச் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் கீரிமலையில் நீராடி மனித முகம் பெற்றனர் என்பது ஐதிகம். குதிரை முகம் நீங்கிய இடம் மாவிட்டபுரம் எனப்பட்டதென்றும், இளவரசி அங்கு கந்தசுவாமி கோயிலை எழுப்பினாளென்றும் கூறுவர். கல் சுமந்தோர் எவர், அடித்தளம் அகழ்ந்தோர் எவர் என்பது ஐதிகத்தில் இல்லை. விலங்கு முகத்தையும் ஏற்று மாற்றிய தீர்த்தத்தின் பெயரால் எழுந்த அக்கோயிலில், 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் வாயிலைக் கடக்கப் போராட நேர்ந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே இயற்றப்பட்டிருந்தது. கதவைத் திறக்கச் சட்டமும் போதவில்லை, தீர்த்தமும் போதவில்லை. மக்கள் திரண்டு நிற்கவேண்டியிருந்தது.

அத்தீர்த்தத்தின் 'மாயம்' சுண்ணக்கல்லின் இயல்பு. குடாநாட்டில் பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்கி, கடலோரத்தில் ஊறுகின்றது. அந்தச் சுண்ணக்கல்லையே அகழ்ந்து காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்படும்வரை இயங்கியது. மழையளவை மீறி நீர் இறைப்பின் கிணறு உவராகும் என்பதைத் தோட்டக்காரர் எவரும் அறிவர். மைன்கிராவ்ற்றிலோ, இரண்டு வாளி நீரை உரிய குழியில் ஊற்றினால் என்றும் வற்றாத ஊற்றுக் கிடைக்கும்; அதன் மந்திரச் சேர்க்கைகளும் அவ்விதியைக் கேள்வியின்றி ஏற்கின்றன. கீரிமலை ஊற்றை நிரலாக்க முனையும் எவரும் முதலில் மாற்றி எழுதவேண்டியது அவ்விதியையே.