விளம்பரமும் வாய்மொழியும்

தோட்டத் தமிழரைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரு கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். எழுத்தறிவு குன்றிய பாட்டாளி மக்கள் எவர் எதைச் சொன்னாலும் நம்பினர்; பொய்ப் பிரசாரத்துக்கு எளிதில் இரையாயினர்; வதந்திகளை வளர்த்தனர் என்பதே அக்கருத்து. சப்பானியர் காலத்தில் சயாமுக்குப் போய் மாண்டவர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இது தலைகாட்டும். “ஏமாந்து போனார்கள்” என்னும் இரு சொற்களில் ஒரு தலைமுறையின் அறிவு அளந்து முடிக்கப்படுகிறது. நெகிரி செம்பிலானில் அக்காலத்தில் நிகழ்ந்தவற்றை உற்றுநோக்கின் இக்கருத்து நிலைபெறாது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயாவின் நாளிதழ்களும் வானொலியும் சப்பானிய இராணுவத்தின் கைக்குள் வந்தன. சிற்றலை வானொலி கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற முழக்கம் ஓயாது ஒலித்தது. மறுபுறம், ஏற்றுமதி நின்றமையால் இரப்பருக்கு மதிப்பில்லை. பால்வெட்டு குறைந்து கூலியும் அருகிற்று. சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், பகாவ், கெமாஸ் வட்டாரத் தோட்டமக்கள், பிற மாநிலத் தோட்டமக்களைப் போலவே, மரவள்ளிக் கிழங்கை உண்டு, சாக்குத் துணியை உடுத்து, வாழைமரம் அச்சிட்ட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரிசிக்கு அலைந்தனர். பசித்தவனிடம் பேசும் சொல்லுக்கு வலிமை மிகுதி என்பதைப் பிரசாரகர் நன்கறிவர்.

அந்நிலையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு ஆள் தேவைப்பட்டது. இலவசப் பயணம், உறையுள், உணவு, மருத்துவம், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்றே மாத வேலை என 1943இல் அறிவிப்புகள் வெளிவந்தன. அவற்றை நம்பித் தாமாக முன்வந்தோர் மிகச் சிலரே. ஆகவே தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. இலவசப் படக்காட்சி என்று மக்களை அழைத்து, கொட்டகைக் கதவுகளை அடைத்து, உள்ளிருந்தோரை அப்படியே இரயிலேற்றிய நிகழ்ச்சிகளும் உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியானோர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் இன்றும் ஒத்துவரவில்லை.

விளம்பரம் வென்றிருந்தால் கொட்டகைக் கதவை அடைக்க வேண்டிய தேவை எழுந்திராது. பொய்யுரை தோற்ற இடத்திலேதான் வன்முறை தொடங்கிற்று. இதனைக் காணாதார் துப்பாக்கியின் வெற்றியைச் செய்தித்தாளின் வெற்றியாகக் கணக்கிடுகின்றனர்.

இம்மாநிலத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு முற்றவே, மக்கள்தொகையைக் குறைக்க விரும்பிய சப்பானிய ஆட்சி, யூரேசியரும் சீனருமாகிய கத்தோலிக்கர்களைப் பகாவ் வட்டாரக் காட்டில் குடியேற்றியது. 1943ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அக்குடியேற்றத்துக்குப் ‘பூஜி கிராமம்’ என்று பெயர். அங்கே நல்ல தட்பவெப்பமும் வளமான மண்ணும் உண்டு என ‘சியோனான் சிம்புன்’ இதழ் புகழ்ந்தது. சென்றவர்கள் கண்டது மலேரியாவை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், அவர்களை வழிநடத்திய ஆயர் அட்ரியன் டெவால்சும் 1945 சனவரியில் உயிர்நீத்தார். அங்குச் சென்றோருள் பலர் பள்ளிக் கல்வி பெற்றவர், அலுவலகங்களில் பணியாற்றியவர். அவர்களை எள்ளுதல் நம் நோக்கமன்று. நகரத்துப் பசியும் அச்சமும் அவர்களைத் தள்ளின. ஆயினும் எழுத்தறிவு ஒன்றே பொய்யினின்று காக்கும் என்று வகுப்பறையில் சொல்லிவரும் நமக்கு, பகாவ் ஒரு தடையாகவே நிற்கிறது.

ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுக் காண வேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். அரசனில்லாத லயத்து மக்களும் அதனைத்தான் செய்தனர். போனவரிடமிருந்து கடிதம் வரவில்லை என்பது ஒரு சான்று. மூன்று மாதம் கழிந்தும் ஆள் திரும்பவில்லை என்பது மற்றொன்று. தப்பி வந்த ஒருவனின் உடலும் புண்ணும் மூன்றாவது. இவற்றை ஒன்றுசேர்த்தே ஆடவர் இரவில் லயத்தை நீங்கி இரப்பர்க் காட்டில் படுத்தனர். அன்றைய அச்சிட்ட செய்தியைவிட அந்த வாய்மொழி உண்மைக்கு அணித்தாக இருந்தது.

ஆயினும் வாய்மொழியைப் போற்றி நின்றுவிடுதலும் பிழையாகும். உயிர் காத்த அதே காது பின்னர்ப் பகையையும் வளர்த்தது. பெயர்ப்பட்டியலை எழுதியவன் யார்? கிராணி தன் உறவினனை நீக்கி எவன் பெயரைச் சேர்த்தான்? கங்காணிக்கு எத்தனை மூட்டை அரிசி கிடைத்தது? மெய்யும் ஐயமும் பிரிக்கவியலாதபடி கலந்துவிட்ட இக்கேள்விகள் போருக்குப் பின்னரும் குடும்பங்களைப் பிரித்து வைத்தன.

இதனினும் பெரியதொரு பிளவும் உண்டு. 1943 சூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். சயாம் இருப்புப்பாதை இணைந்ததும் அதே அக்டோபர்த் திங்களில்தான். ஒரே சப்பானியன் ஒரு வீட்டுக்குத் துணைவன். அடுத்த வீட்டுக்குக் கூற்றுவன். சயாமுக்குத் தப்பவே இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தவரும் இருந்தனர். போருக்குப் பின் படைவீரனின் கதை மேடையேறியது; தண்டவாளத்தில் மாண்டவனின் கதை லயத்துத் திண்ணையிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் ஒருங்கே பேசினால் நேதாஜிக்கு இழுக்கு நேரும் என்று அஞ்சியவர் போலும் நம் சொற்பொழிவாளர்!

இன்று அத்தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. செய்தி புலனத்தில் வருகிறது. திண்ணையில் கேட்ட செய்திக்கு ஒரு முகம் இருந்தது, “உனக்கு யார் சொன்னது?” என்று மறுத்துக் கேட்கலாம். கைப்பேசியில் வருவதைக் கேட்க ஆளில்லை. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்ட் கோயிலில் கலவரம் மூண்ட இரவில், உண்மை வெளிவருமுன்பே அவரவர் இனத்துக்கேற்ற கதை அவரவர் கைக்கு வந்து சேர்ந்தது.

இலக்கியத்தின் பணி இங்கே தெளிவாகிறது. சப்பானியரின் நாளிதழ்கள் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. அவற்றைப் பொய்யாக்கிய பேச்சுக்குக் காப்பகமில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அப்பேச்சுக்கு அச்சேறும் உரிமையை வழங்கின. செவிவழிச் செய்தி வரலாறாகாது என்று இத்தகைய நூல்களை ஒதுக்குவோர், அன்று அச்சில் வந்தது எத்தகைய வரலாறு என்பதையும் கூற வேண்டும். மாண்டவனின் துயரத்துக்குத் தமிழ் நாவல் இடமளித்திருக்கிறது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்ற ஆணையை ஏற்று, விளக்கடியில் அமர்ந்து, தான் நாள்தோறும் பெரட்டில் அழைக்கும் பெயர்களுள் எவற்றை எழுதுவது என்று தயங்கிய கிராணியைப் பற்றி அவ்வளவாக எழுதப்பட்டதில்லை.