குறி தவறிய குண்டுகள்: நஜீப் மஹ்பூழின் ‘திருடனும் நாய்களும்’

ஒரே இருப்பில் வாசித்து முடிக்கத் தூண்டும் நாவல்களைக் கனதியற்றவை என ஒதுக்கும் மனோபாவம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. விறுவிறுப்பு பாமரருக்கானது, ஆழம் கற்றோருக்கானது என்றொரு பாகுபாட்டை நாம் அறியாமலே வகுத்து வைத்துள்ளோம். அப்பாகுபாடு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு, 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்பூழ் 1961இல் வெளியிட்ட ‘அல்லிஸ்ஸு வல்கிலாப்’ (திருடனும் நாய்களும்) தக்க சான்றாகும்.

1960இல் எகிப்தியப் பத்திரிகைகளை நிறைத்திருந்த மஹ்மூத் அமீன் ஸுலைமான் என்ற குற்றவாளியின் கதையே நாவலுக்குத் தூண்டுகோலாயிற்று. எனினும் மஹ்பூழ் செய்திக்குள் நிற்கவில்லை. கெய்ரோ முத்தொகுதியில் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை விரிவாகச் சித்திரித்த அவர், இங்கு ஒரே மனிதனின் மனத்துக்குள் நம்மை அடைத்து விடுகிறார்.

நான்கு ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளிவருகிறான் ஸஈத் மஹ்ரான். மனைவி நபவிய்யா அவனது கையாளாக இருந்த இலீஷை மணந்துள்ளாள். மகள் ஸனா தந்தையை அடையாளங் காணாது மிரள்கிறாள். செல்வரிடம் திருடுவது நியாயமே என ஒரு காலத்தில் அவனுக்குப் போதித்த ரஊஃப் இல்வான், 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிந்திய எகிப்தில் செல்வாக்கு மிக்க பத்திரிகையாளனாக மாளிகையில் வாழ்கிறான். ஸஈதின் உள்ளத்தில் பழியுணர்வு மூள்கிறது.

படர்க்கையில் செல்லும் கூற்று, முன்னறிவிப்பின்றி அவனது தன்மைக் கூற்றாக மாறுகிறது. அவன் கண்களாலேயே நாம் பார்க்கின்றோம். கல்லறைகளை நோக்கிய ஜன்னல் கொண்ட நூரின் இருண்ட அறையில் அவனோடு மறைந்திருக்கின்றோம். ஒருநாள் நூர் வீடு திரும்பவில்லை. வாடகை கேட்டு வீட்டுக்காரி கதவைத் தட்டுகையில் நமது மூச்சும் அடங்கிப் போகிறது. கொலை செய்தவன் பிடிபடக் கூடாதென நாமும் உள்ளூர விரும்பத் தலைப்படுகின்றோம். நாவல் தரும் இன்பம் இதுவே. அது நமக்கு வைக்கும் பரீட்சையும் இதுவே.

ஏனெனில் அவனது குண்டுகள் குறி தவறுகின்றன. இலீஷ் காலி செய்து போன வீட்டில் குடியேறிய ஷஃபான் ஹுஸைன் என்ற அப்பாவி முதலில் மாய்கிறார். ரஊஃபை நோக்கிச் சுட்ட குண்டு அவனது மாளிகையின் வாயிற்காவலரைப் பலி கொள்கிறது. இவ்விடத்தில் வாசகர் சற்று நிதானிக்க வேண்டும். ஸஈதின் தந்தை மஹ்ரானும் மாணவர் விடுதியொன்றின் வாயிற்காவலராகவே வாழ்ந்தவர். ஏழைகளின் பெயரால் ஏந்திய துப்பாக்கி, இறுதியில் தன் தந்தையின் இனத்தவரையே வீழ்த்துகிறது. ஆசிரியர் இதனை எடுத்துரைத்து உபதேசிக்கவில்லை. கதையின் வேகத்தில் நாமும் அக்காவலரைக் கடந்து ஓடி விடுகின்றோம். நாம் அவரை மறந்து விட்டோம் என்பதே, ஸஈதின் குருட்டுத்தனம் நம்மையும் பற்றிக் கொண்டது என்பதற்கு அத்தாட்சி.

அவனது தந்தை நாடிய ஸூஃபிப் பெரியார் ஷெய்க் அலீ அல்ஜுனைதியின் இல்லம் எந்நேரமும் திறந்தே இருக்கிறது. வுழூச் செய்து ஓதுமாறு ஷெய்க் கூறுகிறார். ஸஈதோ உறங்குவதற்கு ஓர் இடத்தை மட்டுமே அங்கு தேடுகிறான். ஷெய்க்கின் பூடகமான மொழி துன்புற்றவனுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது எனச் சிலர் குறைகூறக் கூடும். அக்குறையில் ஓரளவு நியாயமுண்டு. எனினும் இருவரது பேச்சும் ஒன்றையொன்று தொடாமலே நகர்வதில்தான் அக்காட்சிகளின் துயரம் அடங்கியுள்ளது. ஒருவர் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறார். மற்றவனுக்குப் பழியைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

தனக்குத் துரோகமிழைத்தோரை நாய்களாகவே ஸஈத் கருதி வந்தான். இறுதியில் மையவாடியில் அவனைச் சூழ்வது உண்மையான நாய்களின் குரைப்பொலி. நூலை மூடிய பின் அவனுக்காக இரங்குகின்றோம், அது முறையே. ஆனால் பெயர்கூடச் சொல்லப்படாத அந்த வாயிற்காவலருக்காகவும் இரங்கும் போதுதான் இந்நாவலை நாம் முழுமையாக வாசித்தவர்களாவோம்.