சீறிய கைபேசியும் செவி சாய்க்காத அறிவும்

ஓசை எழுப்பக் கூடாத பொருள் ஒன்று ஓசை எழுப்பினால் மூன்று வகை மனிதர்கள் உடனே தோன்றிவிடுகின்றனர். “ஆபத்து! தூக்கி எறியுங்கள்” என்பவர் ஒருவர். “எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, எல்லாம் உங்கள் பிரமை” என்பவர் மற்றொருவர். “இவ்வளவு விலை கொடுத்து ஏமாந்தோமே” என்று பொருமுபவர் மூன்றாமவர். ஓசை எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று கேட்கும் நான்காமவரைத்தான் காண்பது அரிது.

இந்த நான்காமவர் இல்லாததால் ஒரு விவாதம் எப்படித் திசைமாறிப் போகிறது என்பதற்கு, 2016ஆம் ஆண்டில் புதிய கைபேசி ஒன்றைப் பற்றி எழுந்த ஆரவாரம் நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

நடந்தது என்ன?

அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7, ஐபோன் 7 பிளஸ் என்னும் கைபேசிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஓரிரு நாள்களுக்குள் வாங்கியவர்களுள் சிலர் ஒரு புதுமையான குறையைச் சொல்லத் தொடங்கினர். கருவி கடுமையாக வேலை செய்யும்போது அதன் முதுகுப் பக்கத்திலிருந்து ‘உஸ்’ என்ற மெல்லிய சீறல் கேட்கிறது என்பதே அது. சிலர் அதை மடிக்கணினியின் விசிறி ஓசைக்கு ஒப்பிட்டனர். ஆனால் இந்தக் கைபேசிக்குள் விசிறி கிடையாது. பின் சீறுவது எது?

சீறலைப் பதிவு செய்து பலரும் உலகெங்கும் பரப்பினர். செய்தித்தாள்கள் இதற்கு ‘ஹிஸ்கேட்’ என்று பெயர் சூட்டின. 1972இல் தொடங்கிய வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு எந்தக் குறைக்கும் ‘கேட்’ என்று வால் ஒட்டுவது அமெரிக்கப் பத்திரிகை வழக்கம். காரணம் தெரியுமுன்பே அது ஓர் ஊழல் என்ற முடிவை அந்த வால் வாசகர் மனத்தில் பதித்துவிடுகிறது. பெயர் கிடைத்தவுடன் விளக்கமும் கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டனர்.

மின்சாரம் ஏன் பாடுகிறது?

மின்சாரக் கருவிகள் ஓசை எழுப்புவது புதுமையே அன்று. தெருவோர டிரான்ஸ்பார்மரின் ‘ம்ம்ம்’ என்ற முனகலையும், பழைய டியூப்லைட்டின் சோக் எழுப்பும் ரீங்காரத்தையும் நாம் அறிவோம். காந்தமாக்கப்படும்போது இரும்பின் நீளம் மிக மிகச் சிறிதளவு மாறுகிறது என்பதை ஆங்கில அறிவியலார் ஜூல் 1842இல் கண்டறிந்தார். மாறுமின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழலும் நாடுகளில், ஒவ்வொரு சுழற்சியிலும் இரும்பு இருமுறை காந்தமாகி இளகுகிறது. ஆகவே டிரான்ஸ்பார்மரின் முனகல் வினாடிக்கு 100 அதிர்வுகள் கொண்டதாக இருக்கிறது.

கைபேசிக்குள்ளும் இதன் சிறு வடிவம் உண்டு. மின்கலம் தருவது ஏறத்தாழ 3.8 வோல்ட்; கணிக்கும் சில்லுக்கு வேண்டுவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். இந்த இறக்கத்தைச் செய்யும் சுற்று, மின்னோட்டத்தை வினாடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடுகிறது. அதன் துணைக்குச் சிறு கம்பிச்சுருள்களும், பீங்கான் மின்தேக்கிகளும் இருக்கின்றன. ஒரு கைபேசியில் இத்தகைய மின்தேக்கிகள் பல நூறு இருக்கும். இவற்றுள் பலவற்றில் பேரியம் டைட்டனேட் என்னும் பொருள் பயன்படுகிறது. மின்னழுத்தம் மாறினால் இப்பொருள் விரிந்து சுருங்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டனர். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்று அடுத்த ஆண்டே லிப்மன் கணித்துச் சொன்னார். அந்த எதிர்விளைவே இங்கு வேலை செய்கிறது. மின்தேக்கி தனியே அசைந்தால் யாருக்கும் கேட்காது. ஆனால் அது சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வீணையின் நரம்பு குடத்தின் துணையால் உரக்க ஒலிப்பது போல, பலகையும் சேர்ந்து அதிர்கிறது.

வினாடிக்கு இலட்சக்கணக்கான அதிர்வு மனிதச் செவிக்கு எட்டாதே என்று வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. நமது செவியின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். ஆனால் சில்லின் வேலைப்பளு சீராக இருப்பதில்லை. ஒரு கணம் ஓடுகிறது, மறுகணம் ஓய்கிறது. இந்த ஏற்ற இறக்கம் வினாடிக்குச் சில ஆயிரம் முறை நிகழும்போது அது செவிக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஏற்ற இறக்கம் ஒழுங்காக இருந்தால் விசில் போலவும், ஒழுங்கின்றிப் பல அதிர்வெண்கள் கலந்திருந்தால் சீறல் போலவும் கேட்கும்.

ஐபோன் 7இன் சில்லில் நான்கு கணிப்பகங்கள் இருந்தன: கடும்பணிக்கு இரண்டு, இலேசான பணிக்கு இரண்டு. கருவி கடுமையாக உழைக்கும்போதுதான் ஓசை எழுந்தது என்ற புகாரோடு மேற்சொன்ன விளக்கம் நன்கு பொருந்துகிறது. இவ்வகை ஓசை தன்னளவில் ஆபத்தின் அறிகுறி அன்று.

சான்றின் எடை

இனி, பரப்பப்பட்ட சான்றுகளை எடைபோடுவோம். பதிவுகளில் பெரும் இரைச்சல் கேட்டது உண்மை. ஆனால் கைபேசியைப் பிடித்திருப்பவர் அதை 60 செ.மீ. தொலைவில் வைத்திருக்கிறார், பதிவு செய்பவரோ ஒலிவாங்கியை 3 செ.மீ. அருகில் கொண்டு செல்கிறார் என்று கொள்வோம். தொலைவு 20இல் ஒரு பங்காகக் குறைந்தால், சிறிய ஒலிமூலத்தின் ஓசை ஏறத்தாழ 26 டெசிபெல் உயரும். போதாததற்கு, அறை அமைதியாக இருந்தால் பதிவுக் கருவிகளுள் பல தாமாகவே ஒலியைப் பெருக்கிக் கொள்கின்றன. இலையசைவு புயலாக மாற இவ்வளவு போதும். பதிவு பொய்யன்று, ஆனால் அது அளவீடும் அன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லாமல் எடுத்த மீனின் புகைப்படத்தைப் போன்றது அது.

“எனக்குக் கேட்கவில்லை” என்றவர்களின் வாதமும் இதைவிட வலுவானது அன்று. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கூரிய விசில் ஒலி எழுப்பின. படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள்; பெருக்கினால் 15,625 ஹெர்ட்ஸ். அதே கூடத்தில் அமர்ந்திருந்த பேரனுக்கு அது கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. பேரன் பொய் சொல்லவில்லை. தாத்தாவும் பொய் சொல்லவில்லை. ஒருவர் காதுக்கு எட்டாததை மற்றவரின் பிரமை என்று தள்ளுவது அறிவியல் ஆகாது.

அடுத்து, எண்ணிக்கை. புகார்கள் “ஏராளம்” என்று எழுதப்பட்டது. ஏராளம் என்றால் எத்தனையில் எத்தனை? ஓசை கேட்டவர் எழுதுகிறார். ஓசை கேளாதவர் எழுத எதுவுமில்லை. ஆகவே புகார்களை மட்டும் கூட்டினால் குறையின் விகிதம் கிடைக்காது. வகுக்கும் எண் வேண்டும். ஆனால் முதல் வார இறுதி விற்பனைக் கணக்கை இம்முறை வெளியிடப் போவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் முன்னதாகவே அறிவித்துவிட்டது. மேல் எண்ணும் தெரியாது, கீழ் எண்ணும் தெரியாது. எனினும் பின்னம் மட்டும் எல்லோர் வாயிலும் புழங்கியது!

மௌனத்தின் விலை

குறை கூறுவதை வாங்குவோரோடு நிறுத்திக்கொண்டால் அது நடுநிலை ஆகாது. புகார் செய்த சிலருக்குக் கருவியை மாற்றித் தருவதாகச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மாற்றித் தருவது நல்ல வணிகம். ஆனால் அது விளக்கம் அன்று. “இந்த ஓசை இக்காரணத்தால் எழுகிறது, இந்த அளவு வரை இயல்பு, இதற்கு மேல் குறை” என்று மூன்று வரி எழுதியிருந்தால் ஆரவாரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கும். அறிந்தவர் வாய்மூடி இருக்கும்போது அறியாதவர் வாய் திறப்பதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதே மாதத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. கொரியாவின் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் சில தீப்பற்றின. செப்டம்பர் 2ஆம் நாள் அந்நிறுவனம் விற்பனையை நிறுத்தி, 25 இலட்சம் கருவிகளை மாற்றித் தர முன்வந்தது. 35 நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன, பத்து இலட்சத்துக்கு 24 கருவிகளில் குறை என்று கணக்கும் கொடுத்தது. பத்து இலட்சத்தில் 24 என்பது மிகச் சிறிய பின்னம். எனினும் விளைவு தீயாக இருந்ததால் அந்தச் சிறிய பின்னமே பெரிய செய்தி. மாற்றித் தந்த கருவிகளும் தீப்பற்றவே, அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. மின்கலங்களின் குறையே காரணம் என்று 2017 ஜனவரியில் நிறுவனம் ஆய்வு முடிவை வெளியிட்டது. அந்நாள்களில் கைபேசி சீறியதும் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஆயினும் ஓசையின் உரப்பு வேறு, ஆபத்தின் அளவு வேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

மூன்றாவது எடுத்துக்காட்டு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2017 செப்டம்பர் 22இல் ஐபோன் 8 விற்பனைக்கு வந்தது. பேசும்போது காதுப் பக்க ஒலிபெருக்கியில் ‘படபட’ என்ற வெடிப்போசை கேட்பதாகச் சிலர் கூறினர். ஆப்பிள் குறையை ஒப்புக்கொண்டது. சிறிய எண்ணிக்கையிலான கருவிகளில் அவ்வோசை எழக்கூடும் என்று தெரிவித்து, அக்டோபர் 3ஆம் நாள் திருத்திய மென்பொருளை வழங்கியது. பதினொரு நாள்களில் பிரச்சினை தீர்ந்தது. இங்கே புகார் செய்தவர்கள் வீண் கூச்சல் போட்டிருக்கவில்லை. அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் திருத்தம் இவ்வளவு விரைவில் வந்திருக்குமா? ஆகவே “எல்லா ஓசையும் இயற்கையே, சும்மா இருங்கள்” என்ற அறிவுரையும் தவறானதே.

நான்காமவர் செய்ய வேண்டியவை

உங்கள் கருவி ஓசை எழுப்பினால் முதலில் நிபந்தனைகளைப் பிரித்துப் பாருங்கள். வேலை இல்லாதபோது கேட்கிறதா? கனமான விளையாட்டை ஓட்டும்போது மட்டுமா? மின்னேற்றம் செய்யும்போதா? தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தால் நிற்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு அதே வகைக் கருவி வேறொன்றை அதே அறையில், அதே தொலைவில் வைத்து ஒப்பிடுங்கள். எது எதுவென்று அறியாத ஒருவரை, முடிந்தால் வயதில் இளையவரை, கேட்கச் செய்யுங்கள். குலுக்கினால் மட்டும் ‘கடகட’ என்று கேட்டால் அதிர்வைச் சரிசெய்யும் கேமராவின் வில்லை அசைவதாக இருக்கலாம்; பல கருவிகளில் அது இயல்பு.

ஓசையோடு கடுஞ்சூடு, மின்கலம் உப்புதல், இரசாயன நெடி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தால் சோதனைக்கு இடமில்லை. கருவியை அணைத்து, எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பழுது பார்ப்போரிடம் தெரிவியுங்கள்.

கண்டவற்றை நாள், நேரம், நிலைமையோடு எழுதி வைத்து, அந்தக் குறிப்போடு விற்றவரிடம் சென்று காரணத்தைக் கேளுங்கள். மாற்றுக் கருவி தந்தாலும் காரணத்தைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். விலை கொடுத்தவருக்கு விளக்கம் பெறும் உரிமையும் உண்டு.

பள்ளியில் இயற்பியல் படித்த இலட்சக்கணக்கானோர் கையில் அந்தச் சீறும் பெட்டி இருந்தது. அதிர்வெண், டெசிபெல், விகிதம் ஆகிய மூன்று பாடங்களும் அவர்கள் படித்தவையே. அவற்றைத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டு மறந்தவர்கள், கையில் ஒரு கேள்வி வந்து விழுந்தபோது கேலியையும் அச்சத்தையுமே கைக்கொண்டனர். படித்த பாடத்தை எடுத்துப் பயன்படுத்த இதைவிட நல்ல வேளை வேறு எப்போது வரும்?